ருசி பார்க்காத குழம்பு

அந்த வீட்டில் சத்தியமூர்த்தி எல்லாரையும் சந்தேகப்பட்டார், இரண்டு எந்திரங்களைத் தவிர.

பால்காரன் தண்ணீர் கலக்கிறானா என்ற சந்தேகம் இல்லை அது. யார் சொல்லிக் கலக்கிறான் என்ற சந்தேகம். நெருக்கடி நிலை வந்த மறுவருஷம். நெற்குப்பையில் பூட்டிக் கிடந்த பெரிய செட்டியார் வீடு ஒன்றை விசாரணை முகாமாக எடுத்திருந்தார்கள். சத்தியமூர்த்தி அதற்குத் தனி அதிகாரி. நடு முற்றத்தைச் சுற்றி, கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று என்று கட்டிய அறைகளில் இப்போது ஆட்கள் அடைபட்டிருந்தார்கள். கதவுகளின் மேல் செதுக்கிய கஜலட்சுமிகள் மட்டும் பழையபடி இருந்தார்கள்.

எந்திரங்கள் லாரியில் வைக்கோல் சுற்றி வந்து இறங்கின. ஆள் உயரம், இரும்பு உடம்பு, ரப்பர் வைத்த விரல்கள். அதிகாரி அவற்றை ஒண்ணு, ரெண்டு என்று கூப்பிட்டார். சமையலுக்கு வந்த பொன்னுத்தாயிதான் பெயர் வைத்தாள். துருப்பிடிக்காமலிருக்கச் சிவப்பு வண்ணம் பூசிய எந்திரம் செம்மலை. முன்கட்டில் வீட்டுப் பெரியவர் பெத்தாச்சியின் படத்துக்குக் கீழே நாள் முழுக்க நிற்கும் மற்றது பெத்தாச்சி.

"ஒரே மூஞ்சி, ஒரே மொறைப்பு. படத்துக்கு மீசை இருக்கு, இதுக்கு இல்ல, அம்புட்டுத்தான்" என்றாள்.

அதிகாரிக்குத் தீங்கு வரவிடக் கூடாது. அவர் சொன்னதைச் செய்ய வேண்டும். யார் என்ன கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது. இவ்வளவுதான் அவற்றுக்குள் எழுதியிருந்தது. கேட்காததைத் தானாகச் சொல்ல வேண்டும் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. தங்களுக்குள் அவை பேசிக்கொள்வது டிரான்ஸ்பார்மர் இரைவது போல இருக்கும். மோட்டார் சத்தம் என்று மனிதர்கள் விட்டுவிட்டார்கள்.

பூமிநாதன் அந்த வீட்டில் செத்துப்போயிருந்தான். கண்டரமாணிக்கத்துக்காரன். காரைக்குடியில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவன். அவன் கோர்த்த துண்டு நோட்டீஸை எழுதியது யார் என்று சத்தியமூர்த்தி கேட்டார். அவன் சொல்லவில்லை. பெத்தாச்சியைக் கூப்பிட்டு, "பிடி" என்றார். பிறகு, "இன்னும் இறுக்கு" என்றார். பெத்தாச்சி இறுக்கியது. அவர் விடச் சொன்னபோது அந்தக் கைகளுக்குள் உயிர் இல்லை. கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில், நெல்லிமரத்தின் கீழ் புதைத்தார்கள். அவனை விடுதலை செய்தாயிற்று, எங்கேயோ போய்விட்டான் என்று ஊருக்குச் சொன்னார்கள்.

பொன்னுத்தாயி அவனுடைய அக்கா. அது சத்தியமூர்த்திக்குத் தெரியாது. தம்பி இந்த வீட்டில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டுத்தான், அரியக்குடிக்காரி என்று சொல்லி அவள் வேலைக்குச் சேர்ந்தாள். எந்திரங்களுக்குத் தெரியும். ஒரு நாள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு பூமிநாதன் பெத்தாச்சியிடம் சொல்லியிருந்தான்: "எங்க அக்கா கைக்கு எப்பவும் உப்பு தூக்கல்."

அவன் செத்த பிறகு பொன்னுத்தாயி முன்கட்டுக்கு வந்து, "என் தம்பிய எங்கப்பு?" என்று பெத்தாச்சியிடம் கேட்டாள். பெத்தாச்சி சொல்லிவிட்டது. யாருடைய கை என்பதையும் சொன்னது. அவள் அழவில்லை. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முற்றத்தைப் பெருக்கப் போனாள். அன்றிலிருந்து செம்மலை அவளைக் கவனித்துக்கொண்டே இருந்தது. அழாத மனுஷி மனசுக்குள் என்ன வைத்திருக்கிறாள் என்று அதற்குப் புரியவில்லை.

பெத்தாச்சியின் மனசு புரிந்தது.

"என் கை வலிக்குது" என்று அது இரைந்தது.

"நமக்கு வலி கெடையாது."

"தெரியும். இருந்தாலும் வலிக்குது. அவரு கழுத்தும் ஏறக்குறைய அந்த அளவுதான். பாத்து வச்சிருக்கேன்."

"அவரைக் காக்குறது நம்ம வேலை."

"பூமிநாதனை இறுக்குனதும் வேலைதான்."



செம்மலையின் வேலை சமையற்கட்டு. சமைக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கியதைத் தானே தூக்கிக்கொண்டுபோய் அதிகாரியின் முன் வைக்க வேண்டும். தினமும் அவர் ஒரே கேள்வியைக் கேட்பார்: "எல்லாம் வழக்கம்போலத்தானே?" வழக்கம்போலத்தான் ஐயா என்று செம்மலை சொன்ன பிறகுதான் சோற்றில் கை வைப்பார்.

அன்று பொன்னுத்தாயி தலைக்குக் குளித்து ஈர முடியை முடிந்துகொண்டு வந்தாள். கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வழக்கமாகக் குழம்பு கொதித்து வரும்போது ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள். புளி போதுமா, உப்பு போதுமா என்று சுவரைப் பார்த்து யோசிப்பாள். அன்று கரண்டி சட்டிக்குள் போனது, வந்தது. உள்ளங்கைக்கு வரவில்லை. அவள் சட்டியை மூடினாள். ஒரு வாழையிலையைக் கழுவி யாரும் பார்க்காத மூலையில் சாய்த்து வைத்தாள்.

"என்ன பாக்குறே?" என்றாள்.

"வழக்கம்போல பாக்குறேன்."

"நல்லாப் பாத்துக்க."

செம்மலை கூட்டிப் பார்த்தது. தம்பியைக் கொன்றவர் சாப்பிடப் போகும் குழம்பு. சமைத்தவளே நாக்கில் வைக்கப் பயப்படுகிற குழம்பு.

முன்கட்டிலிருந்த பெத்தாச்சிக்கு அது விஷயத்தை இரைந்து சொன்னது. 

"நல்லது. நீ சும்மா இரு. நம்ம கை படாமலே முடியட்டும்."

"கேப்பாரே."

"கேட்டா?"

"பொய் சொல்ல வராது."

"வராதா, சொல்ல மாட்டியா?"

சட்டியைத் தூக்கிக்கொண்டு செம்மலை நடந்தது. சமையற்கட்டுக்கும் பந்தி போடும் கூடத்துக்கும் நடுவே நீண்ட தாழ்வாரம். கை தவறியது போலச் சட்டியைப் போட்டுவிடலாமா என்று நினைத்தது. ஏன் போட்டாய் என்று கேட்பார். அதற்கும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் இவர் சாவார், பிறகு சமையல்காரியைத் தூக்கில் போடுவார்கள். சொன்னால் இன்றைக்கே அவளைக் கொண்டுபோவார்கள். இவர் செத்தால் என்ன என்ற கேள்வியும் அதற்குள் வந்தது. அந்தக் கேள்வி வந்ததே அதற்குப் பயமாக இருந்தது.

சத்தியமூர்த்தி இலையின் முன் உட்கார்ந்திருந்தார். கான்ஸ்டபிள் மலையாண்டி வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். செம்மலை குழம்பை ஊற்றியது.

"எல்லாம் வழக்கம்போலத்தானே?"

பதில் வரவில்லை. பழக்கத்தில் அவர் சோற்றைப் பிசையத் தொடங்கி, பிசைந்த கையை நிறுத்தினார்.

"என்ன?"

"ஒரு மாறுதல் ஐயா. இன்னிக்கு அவுக குழம்பை ருசி பாக்கல."

அவர் கையைச் சோற்றிலிருந்து மெதுவாக எடுத்துத் தண்ணீரில் கழுவினார். முகத்தில் கோபம் இல்லை. நினைத்தது சரியாகப் போன திருப்தி இருந்தது.

மலையாண்டி பொன்னுத்தாயியை அழைத்து வந்தான்.

"ஏம்மா, இன்னிக்கு ருசி பாக்கலையாமே?"

அவள் செம்மலையை ஒரு பார்வை பார்த்தாள்.

"நாக்குல புண்ணுங்க ஐயா."

"அது உண்மையா?" என்று செம்மலையைக் கேட்டார்.

"அவுக நாக்கை நான் பாக்கல ஐயா."

"புண்ணு இருந்தா பரவாயில்ல. ஒரு வாய் சோறு இந்தக் குழம்புல பிசைஞ்சு சாப்பிடு."

பொன்னுத்தாயி அசையவில்லை.

"சாப்பிடு."

"மாட்டேன் ஐயா."

"ஏன்?"

சத்தியமூர்த்தி மலையாண்டி பக்கம் திரும்பினார். "நீ சாப்பிடு."

"நான் இன்னிக்கு விரதம்ங்கய்யா."

"நேத்து கடையில புரோட்டா தின்னியே."

"நேத்துப் பாதி விரதம்தான்யா."

"அப்ப இவளைப் பிடிச்சு வாயைத் திற. ரெண்டு, நீ ஊத்து" என்று செம்மலையிடம் சொன்னார்.

அவள் பற்களைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் பயம் இருந்தது. ஆனால் அது சாகப் பயந்த கண் மாதிரி செம்மலைக்குத் தெரியவில்லை. எதையோ கெடுத்துவிடுவார்களே என்று பயந்த கண்.

அப்போதுதான் அதற்குத் தை மாதம் நினைவு வந்தது. வீட்டுக்காரர்கள் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து முன்னோருக்குப் படைத்தார்கள். செம்மலை காவல் நின்றது. குழம்பை நக்கிப் பார்க்கப் போன சமையல்காரரின் கையை அந்த வீட்டு மூத்தவள் தேனம்மை ஆச்சி தட்டிவிட்டாள். "படைக்கிறதுக்கு முந்தி நாக்குல வைக்காதீக. போனவுகதான் முதல்ல" என்றாள். கிணற்றடிச் சுவரில் இலை போட்டுக் காக்கையைக் கூப்பிட்டார்கள். காக்கை வர மறுத்தது. "பேரன் கல்யாணத்தை ஐப்பசியில முடிச்சிடுறோம், வந்து எடுத்துக்கிடுங்க" என்று ஆச்சி வாக்குக் கொடுத்த பிறகுதான் வந்தது.

ஈரத் தலை. கழுவி ஒளித்த இலை. கருவாடு.

இது விஷம் இல்லை. தம்பி செத்த எட்டாம் நாள், கருவாடு வைத்து எட்டுப் படைக்கிறாள். முதல் கரண்டி தம்பிக்குப் போகாமல் அவள் வாயில் படக்கூடாது.

அதைச் சொன்னால் விஷக் குற்றம் போய்விடும். யாருக்குப் படைக்கிறாய் என்று அடுத்த கேள்வி வரும். விடுதலையான ஆள் செத்தது உனக்கு எப்படித் தெரியும் என்று அதற்கடுத்தது. கடைசியில் நெல்லிமரத்தடியில் இன்னொரு குழி தோண்டுவார்கள்.

"ஐயா" என்றது செம்மலை. "அவுகளுக்குக் குடுத்து, அவுக செத்துட்டா, இன்னொரு ஆளு எங்கேன்னு ஊரு கேக்கும். காக்காய்க்கு வச்சுப் பாக்கலாம். கிணத்தடியில நெறைய இருக்கு."

சத்தியமூர்த்தி யோசித்தார். வடக்கே ரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்தவர். சொந்தக்காரர்கள் இறந்தபோதெல்லாம் தந்தி மட்டும் பார்த்தவர்.

"இதுக்கு இருக்கிற மூளை உனக்கு இல்லையே மலையாண்டி" என்றார்.

"அதுக்குச் சம்பளம் இல்லையேய்யா" என்றான் மலையாண்டி.

கிணற்றடிக்குப் போனார்கள். "நீயே வை" என்று அதிகாரி உத்தரவு போட்டார். பொன்னுத்தாயி மூலையிலிருந்த இலையை எடுத்து வந்து சுவரின் மேல் போட்டாள். சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், ஒரு துண்டுக் கருவாட்டை மேலே வைத்தாள். இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டாள். உதடு அசைந்தது.

மலையாண்டி அவளுடைய ஈர முடியைப் பார்த்தான். இலையைப் பார்த்தான். நெல்லிமரத்தடியில் இன்னும் இறுகாத மண்ணைப் பார்த்தான். அந்த மண்ணை வெட்டியவன் அவன். குனிந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினான்.

"என்ன பண்றே?"

"காலு வேகுதுங்கய்யா" என்றான். அவன் வேறு ஒன்றும் சொல்லிவிடக் கூடாதே என்று செம்மலை அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் வெறுங்காலோடு நிமிர்ந்து நின்றான். வாயைத் திறக்கவில்லை.

மரத்தில் காக்கைகள் இருந்தன. தலையைச் சாய்த்துப் பார்த்தன. ஒன்றுகூட இறங்கவில்லை.

"கூப்பிடு" என்றார் சத்தியமூர்த்தி. பொன்னுத்தாயிக்குக் குரல் எழும்பவில்லை. பொறுமையிழந்து அவரே கையைத் தட்டினார். "கா... கா..." என்று மரத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். மலையாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

காக்கைகள் இன்னும் ஒரு கிளை மேலே போயின.

"மோப்பம் பிடிச்சிருச்சு. கருவாட்டை விடுமா காக்கா? ஜீப்பை எடு மலையாண்டி."

செம்மலை திரும்பியது. யாரும் கூப்பிடாமல் பெத்தாச்சி கொல்லைக்கு வந்திருந்தது. அதிகாரிக்குப் பின்னால், ஓரடி தூரத்தில். அதன் இரண்டு கைகளும் அவருடைய கழுத்து உயரத்துக்கு எழும்பியிருந்தன. அவர் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் இரைச்சல் கேட்டும் திரும்பவில்லை. அந்த வீட்டில் அவர் நம்பியது அந்த இரைச்சலை மட்டும்தான்.

கத்திச் சொன்னால் அவர் பிழைப்பார். சும்மா இருந்தால் எல்லாம் முடியும். செம்மலை இரண்டையும் செய்யவில்லை. இலையைப் பார்த்து, மனிதர்களுக்குப் புரியாத இரைச்சலில் பேசியது.

"பூமிநாதா, கேக்குறதுக்கு ஒரு நாள் ஆள் வருவாக. யாரு பிடிச்சது, யாரு சொல்லிப் பிடிச்சது, நீ எங்க கெடக்கே, எல்லாத்தையும் சொல்லுறோம். எங்களுக்குப் பொய் வராது. அதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் இருக்கணும். பதில் சொல்ல அவரும் உசுரோட இருக்கணும். இது வாக்கு. வந்து எடுத்துக்க."

பெத்தாச்சியின் கைகள் அங்கேயே நின்றன.

"யாரும் கேக்கலைன்னா?" என்று அது இரைந்தது.

"கேப்பாக."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. வாக்குக் குடுத்தாச்சு."

கைகள் மெல்ல இறங்கின. ஒரு காக்கை கீழ்க்கிளைக்கு வந்தது. பிறகு சுவருக்கு வந்தது. பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்து, கருவாட்டைக் கவ்விக்கொண்டு, கிணற்று ராட்டினத்தின் மேல் உட்கார்ந்து தின்றது. அதைப் பார்த்து மற்றவையும் இறங்கின. பொன்னுத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெயில் என்று யாராவது நினைத்துக்கொள்ளலாம்.

காக்கை சாகிறதா என்று சத்தியமூர்த்தி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். அது சாகவில்லை. இன்னும் வேண்டும் என்று கத்தியது.

"நாளையிலிருந்து என் கண் முன்னால ருசி பாக்கணும்" என்றார். சந்தேகம் போகவில்லை. பசி வந்திருந்தது. உள்ளே போய் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார்.

பாத்திரம் கழுவும்போது பொன்னுத்தாயி திரும்பாமலே கேட்டாள். "அவருகிட்டச் சொன்னது நீதானே?"

"ஆமா."

"காக்காய்க்கு வைக்கச் சொன்னதும் நீதானே?"

"ஆமா."

அவள் சட்டியின் அடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். "உன்னைய நம்புறதா வேணாமான்னு தெரியலப்பு."

"எனக்கும் தெரியல" என்றது செம்மலை. அது பொய் இல்லை.

மறுநாள் அவள் அதிகாரியின் முன் நின்று, ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கினாள். சுவரைப் பார்த்து யோசித்தாள். சரி என்று தலையாட்டினாள். முன்கட்டில் பெத்தாச்சி படத்துக்குக் கீழே நின்று, நெல்லிமரத்தடியையும் பூமிநாதனின் பெயரையும் மறக்காமலிருக்கத் தனக்குத்தானே இரைந்துகொண்டிருந்தது. மோட்டாருக்கு எண்ணெய் போடச் சொல்ல வேண்டும் என்று சத்தியமூர்த்தி நினைத்துக்கொண்டார்.

"எல்லாம் வழக்கம்போலத்தானே?" என்றார்.

செம்மலை காத்திருந்த கேள்வி இது இல்லை.

"வழக்கம்போலத்தான் ஐயா" என்றது.