வடசேரிக்கு ஒரு மறுமொழி

கண்ணகை எந்தத் தலைப்புக்கும் இரண்டு வசனத்துக்கு மேல் எழுதியதில்லை. 'பசு' என்று கொடுத்தால், "பசு எங்கள் வீட்டில் நிற்கிறது. அது பசு" என்று எழுதிவிட்டுப் பேனையை மூடிவிடுவாள். 'மட்டக்களப்பு வாவி' என்று கொடுத்தபோது, "வாவியில் தண்ணீர் உண்டு. மீனும் உண்டு" என்று எழுதினாள். சிவப்புக் கோடு போட இதில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் பீற்றிஸ் ரீச்சருக்கு வந்த வில்லங்கம்.

பீற்றிஸ் ரீச்சர் மட்டக்களப்பு ரவுணில் பிறந்து வளர்ந்த மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை. அறுபத்திரண்டாம் ஆண்டு, மண்டூருக்கு அங்கால் வாவிக்கரையில் இருந்த அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு முதல் நியமனம் கிடைத்து வந்திருந்தார். கட்டுரை என்றால் ஆதவன் தன் பொற்கரங்களை நீட்டிக் கீழ்வானில் எழவேண்டும் என்பது அவர் கட்சி. பிள்ளைகளும் சொல் கேட்கிற பிள்ளைகள். மாட்டெருவைப் பற்றி எழுதச் சொன்னாலும் முதலில் ஆதவனை எழுப்பிவிட்டுத்தான் எருவுக்கு வருவார்கள். கண்ணகை மாத்திரம் ஆதவனை அவன் பாட்டில் தூங்கவிட்டாள்.

ஏழாம் வகுப்பில் அவளுக்கு அது இரண்டாவது வருசம். தகப்பன் கதிராமப்போடி வயல்வட்டையில் பெரிய காணிக்காரர், அதனால் ஊருக்குப் போடியார்; எழுத்து வாசனை இல்லாதவர். அவர் பள்ளிக்கூடத்துக்கே வந்து முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இந்தமுறையும் தவறினா நிப்பாட்டிப் போடுவன் ரீச்சர். வீட்டில நெல்லவிக்க ஆளில்ல. ரெண்டு வரி எழுதுறதுக்கு ரெண்டு வருசமா?"

அந்தப் பிள்ளையின் கண்ணில் இருந்த சுறுசுறுப்பு தாளில் ஏன் இறங்குவதில்லை என்று ரீச்சருக்கு விளங்கவில்லை. நல்ல பிள்ளையொன்று கைநழுவிப் போகப்போகிறதே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

ஐப்பசி பிறந்தும் அந்த வருசம் மழை இல்லை. மழை வேண்டி அம்மன் கோயிலில் கொம்பு விளையாட்டு வைத்தார்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாய்ப் பிரிந்து, வளைந்த மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி இழுக்கும். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். தகப்பன் எந்தச் சேரியோ பிள்ளையும் அந்தச் சேரி. புருசன் ஒரு சேரியும் பெண்சாதி மறு சேரியுமான வீடுகளில் அந்த நாட்களில் சோறு கிடைப்பது புருசனின் வாயைப் பொறுத்தது. ஏனென்றால் விளையாட்டு முடியுமட்டும் ஒரு சேரியை மறு சேரி வசைபாடலாம், அது அம்மன் கொடுத்த உத்தரவு. முடிவில் அம்மனுக்குக் குளிர்த்தி செய்து நீர் தெளித்தபிறகு ஒருவரும் அதைப்பற்றி மூச்சுவிடக்கூடாது. விட்டால் அம்மை போடும் என்பார்கள்.

அந்தமுறை வடசேரிக் கொம்பு முறிந்துபோயிற்று. அன்று பின்னேரம் ரீச்சர் வேலிக்கு இந்தப்பக்கம் குளிக்க நின்றபோது, அந்தப்பக்கக் கிணற்றடியில் தென்சேரிப் பெட்டைகள் நாலைந்துபேருக்குத் தனியொருத்தி மறுமொழி சொல்வது கேட்டது. வடசேரிக் கண்ணகைதான். பாட்டன் காலத்துத் தோல்வியிலிருந்து தொடங்கிப் பக்கத்துவீட்டு ஆட்டுக்கடாய் வரைக்கும் வந்தாள். சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை. ரீச்சர் தலையில் சவர்க்கார நுரை காயக் காய நின்று கேட்டார்.

ஆண்டிறுதிச் சோதனையன்று ரீச்சர் கரும்பலகையில் தலைப்பை எழுதினார்: 'எதிர்ச்சேரியாரின் குற்றங்குறைகள்.'

பேனைகள் மேசையிலேயே கிடந்தன.

"ரீச்சர், குளிர்த்தி முடிஞ்சுது" என்றாள் கண்ணகை. "இனி வாய் திறக்கப்படாது."

"வாயை ஆர் திறக்கச் சொன்ன? மூடிக்கொண்டு எழுதுங்க."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எழுதக்கூடாதென்று அம்மன் எங்கேயும் சொன்னதாக ஒருவருக்கும் ஞாபகமில்லை. குனிந்தார்கள். மணி அடித்தபிறகும் கண்ணகை நிமிரவில்லை. ரீச்சர்தான் தாளைப் பிடுங்கவேண்டியிருந்தது.

ஏழாம் வகுப்புத் தாள்களைத் திருத்துவது தலைமை வாத்தியார் அழகரத்தினம். தாள்கட்டு அவர் மேசைக்குப் போய்ச் சேர்ந்தபிறகுதான், கண்ணகையின் தாளில் தான் வாசித்துச் சிரித்த மாமா யார் என்பது ரீச்சருக்கு உறைத்தது. வாத்தியார் தென்சேரி. அதிலும் கண்ணகையின் தாய்க்கு உடன்பிறந்த தமையன். மருமகள் எழுதியதில் பாதிக்குமேல் மாமனைப் பற்றித்தான்: "தோணி கவிழ்ந்தபோது எங்கள் மாமா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, காப்பாற்றுங்கள் என்று கத்தினார். கரையில் நின்ற எருமைகள் வெட்கத்தில் மறுபக்கம் திரும்பின. கயிறு இழுக்கும்போதும் மாமா கயிற்றைப் பிடிப்பது இழுப்பதற்கல்ல, விழாமல் நிற்பதற்கு."

'நானே இந்தப் பிள்ளையின் படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே' என்று ரீச்சர் அன்றிரவு சாப்பிடவில்லை.

மறுநாள் வாத்தியார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். பின்னேரம் கதிராமப்போடிக்கு ஆள் அனுப்பினார். போடியார் மகளையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, வாத்தியார் ரீச்சரைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"தண்ணி இடுப்பளவில்ல ரீச்சர். நெஞ்சளவு."

"பிழை நான் விட்டதுதான் சேர். அவளுக்கு ஒண்டும் செய்துபோடாதீங்க."

"நான் என்ன செய்யிற? பாஸ் போட்டா அழகரத்தினம் பயந்துட்டானெண்டு வடசேரி சிரிக்கும். பெயில் போட்டா கோவிச்சுட்டானெண்டு சிரிக்கும். புள்ளி போடாம வெச்சிருக்கன். மச்சானே சொல்லட்டும்." அவர் மேசையிலிருந்து நெருக்கி எழுதிய தாள்களை எடுத்தார். "நானும் வாய் திறக்கல்ல. மறுமொழி எழுதித்தான் வெச்சிருக்கன்."

கதிராமப்போடி தாள்களை வாங்கினார். அவை அவர் கையில் தலைகீழாக இருந்தன. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு மகளிடம் நீட்டினார்.

"வாசி. வாசிக்கிறது ஏச்சில்ல."

கண்ணகை வாசித்தாள். வடசேரியாரின் கொம்பு பூவரசங்கொம்பா முருங்கைக்கொம்பா என்று வாத்தியார் கேட்டிருந்தார். போடியார் பல்லைக் கடித்தார். எருமைகளின் வெட்கத்துக்கு வேறு காரணம் காட்டியிருந்தார்: அவை வடசேரியாரின் எருமைகளாம். போடியாரின் மீசை துடித்தது. கடைசிப் பந்திக்கு வந்ததும் கண்ணகை வாசிப்பதை நிறுத்தித் தகப்பனைப் பார்த்தாள்.

"என்ன நிப்பாட்டிப்போட்டாய்? வாசி மகள்."

"'வடசேரியில் எழுதத் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். அவளையும் தகப்பன் நெல் அவிக்க அனுப்பப்போகிறாராம். ஆகையால் தென்சேரியார் இனி நிம்மதியாகத் தூங்கலாம்.'"

வாத்தியார் முகட்டு ஓடுகளை எண்ணுகிறவர்போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அது கோபத்தில் எழுதியதா, கணக்குப்போட்டு எழுதியதா என்று ரீச்சருக்குப் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. தான் எழுப்பிய ஆதவனுக்கு இதுவரை ஒருவரும் மறுமொழி எழுதியதில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சந்தோசம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

கதிராமப்போடி சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"எட்டாம் வகுப்பில ஏத்து மச்சான். நெல்லவிக்க ஆள் பிடிக்கலாம். உனக்கு மறுமொழி எழுத நான் ஆரைப் பிடிக்கிற?"

வாசலுக்குப் போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி ரீச்சரிடம் கேட்டார்:

"ரீச்சர், ஒம்பதாம் வகுப்பும் இஞ்ச இருக்கா?"