எந்த மூன்றரை?

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மாடிப்படியில். ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செருப்பு வாரை மாட்டிக்கொண்டு நின்றேன், கொஞ்சம் நிதானமாக. மேலே எதிர்வீட்டு அக்காள், "தப்பு என்னுதுதான். மறுபடியும் ஏணியைக் கொண்டா" என்றாள். அந்தக் குடும்பத்தில் யாரும் தப்பை ஒத்துக்கொண்டு நான் கேட்டதில்லை. நேரே வீட்டுக்குப் போய்ப் பேனாவை எடுத்தேன்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: குளிர் இறங்கும் மாலையில் ஒரு பெண் கூரையையே பார்த்தபடி

வேண்டாம். அவள் கூரையைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறவள் இல்லை. மேலே ஏறித் தட்டிப் பார்க்கிறவள்.

2

அக்காளுக்குக் கட்டடங்களில் சூடும் குளிரும் எவ்வளவு கசியும் என்று கணக்குப் போடும் வேலை. தங்கைக்குக் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில். தங்கை குடித்தனம் இருப்பது, எங்கள் மலையூர்க் குளிரில், அதே வீட்டு மொட்டைமாடித் தகரக் கூரை அறையில். "அறையில சூடு நிலையா நிக்கட்டும், அப்புறம் அனுப்புறேன்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அக்காள் கணக்குப் போட்டாள்: கூரைக்கு வெப்பத்தடை மூன்றரை வேண்டும்.

[வெப்பத்தடை என்பது சூட்டை வெளியே விடமாட்டேன் என்று ஒரு பலகை பிடிக்கும் பிடிவாதத்தின் அளவு. எண் ஏற ஏறப் பிடிவாதம் கூடும். எங்கள் தெருவில் சிலரையும் இப்படி அளக்கலாம். பெயர் சொல்ல மாட்டேன்.]

மூன்றரை என்று அச்சிட்ட பலகைகள் தள்ளுபடியில் கிடைத்தன. ஓர் அங்குல கனம்தான். "இவ்வளவு மெலிசா இருக்கே அண்ணி?" என்று தங்கை புருஷன் கேட்டிருக்கிறான். "புது ரகமா இருக்கும் தம்பி" என்றாளாம். அவசரமும் தள்ளுபடியும் சேர்ந்தால் இன்ஜினியர் கண்ணையும் மறைக்கும்.

தங்கை புருஷனைத் தெருவில் ஒட்டடைக்குச்சி என்போம். அத்தனை உயரம், அத்தனை ஒல்லி. அவனே பலகைகளைப் பொருத்தினான், நீலம் அடித்தான், குழந்தை பார்க்க நட்சத்திரங்களும் ஒட்டினான்.

3

ஹீட்டர் ஓயாமல் ஓடியும் அறை சில்லென்றே இருந்தது. அக்காள், சூடு கசிவதை அளக்கும் ஆபீஸ் மீட்டரைக் கொண்டுவந்து கூரையில் ஒட்டினாள். பலகையின் உள்முகத்துக்கும் வெளிமுகத்துக்கும் பதினெட்டு டிகிரி வித்தியாசம். சதுர மீட்டருக்கு இருபத்தொன்பது வாட் சூடு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டை இருபத்தொன்பதால் வகுத்தால் வெப்பத்தடை 0.62.

"மூணரை எங்கே, இது எங்கே! கடைக்காரன் தலையில கட்டிட்டான் அண்ணி. போய் நாலு கேள்வி கேட்டுட்டு வர்றேன்."

"இரு. அதை அஞ்சு புள்ளி ஆறு ஏழு எட்டால பெருக்கு."

போனில் தட்டிப் பார்த்தான். "மூணரை வருது. அப்ப சரியாத்தானே இருக்கு?"

"பலகை சரிதான். அது அடி, பாரன்ஹீட் கணக்குல மூணரை. எனக்கு வேண்டியது மீட்டர், செல்சியஸ் கணக்குல மூணரை. எண்ணைப் பார்த்தேன், எந்தக் கணக்குன்னு பார்க்கலை."

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. தானே மாற்றிப் பார்க்க உட்கார்ந்தான்.*

* பாரன்ஹீட் என்றதும் பள்ளிக்கூடத்துப் பாடம் ஞாபகம் வந்து முப்பத்திரண்டைக் கழித்துவிட்டான். விடை மைனஸில் வந்தது. "அண்ணி, இந்தக் கூரை குளிரை உற்பத்தி பண்ணுதா?" "முப்பத்திரெண்டைக் கழிக்கிறது இன்னைக்கு எவ்வளவு சூடுன்னு சொல்ல. இங்கே ரெண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. வித்தியாசத்துல எதுக்குக் கழிக்கிறே?" நானும் வீட்டில் கழித்துத்தான் பார்த்தேன். அது கதைக்குத் தேவையில்லை.

4

இங்கே கதை மக்கர் செய்தது. முதல் முடிவை அவனே கொடுத்தான்.

"பெரிய ஹீட்டரா வாங்கி வச்சிடலாம். அவகிட்ட மூச்சு விட வேண்டாம்."

"கரண்ட் போச்சுன்னா? கைக்குழந்தைகிட்ட, அளவு மாறிப்போச்சு கண்ணுன்னு சொல்லுவியா?"

அந்த முடிவு அங்கேயே செத்தது. கனமான பலகை கடையில் இல்லை, மெலிசு நிறைய இருந்தது. அதே பலகையில் இன்னும் ஐந்து அடுக்கு என்று தீர்மானித்தாள்.

"நட்சத்திரமெல்லாம் மறைஞ்சிடுமே அண்ணி?"

"மேலதானே இருக்கு. நட்சத்திரம் வேற எங்கே இருக்கும்?"

[ஐந்து அடுக்கு இறங்கினால் கூரை அவன் உச்சந்தலையில் இடிக்கும். ஒரு வரைவில் அவனை அரையடி குறைத்துப் பார்த்தேன். கதை சுலபமாகிவிட்டது, ஆனால் ஆள் வேறு யாரோ ஆகிவிட்டான். உயரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.]

"குனிஞ்சுக்கிறேன் விடுங்க. கல்யாணத்திலேர்ந்து பழக்கம்தான்."

பிறகு அக்காள் தங்கைக்குப் போன் போட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். மறுமுனைப் பேச்சு எனக்குக் கேட்கவில்லை. நீயெல்லாம் ஒரு இன்ஜினியரா என்று தங்கை

இட்டுக்கட்ட வேண்டாம். அக்காள் சொன்னது மட்டும் உறுதி: "திட்டு. நல்லாத் திட்டு. ஸ்பீக்கர்ல போட்டுட்டு நான் திருகாணி முடுக்குறேன்."

5

டார்ச் பிடிக்க ஆள் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே நானும் மேலே போய்விட்டேன். ஐந்து அடுக்கும் ஏறிவிட்டன. மூட்டுக்கு மூட்டு டேப் ஒட்டியாயிற்று. மீட்டர் மறுபடியும் கூரையில். வித்தியாசம் அதே பதினெட்டு. மீட்டர் முள் ஐந்து வாட்டில் அடங்கினால் மூன்றரை தேறிவிடும். ஆறில் நின்றால் மூன்றுதான். அப்படியானால் எங்கோ ஒரு மூட்டு கசிகிறது, தேடி அடைத்தாக வேண்டும். இப்போது முள் இரண்டுக்கும் நடுவே ஆடுகிறது.

போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை. "அக்கா, எல்லாம் எடுத்து வச்சிட்டேன். கிளம்பட்டுமா?"

ஒட்டடைக்குச்சி குனிந்தபடியே, "அஞ்சுன்னே வச்சுக்கலாமே அண்ணி" என்றான்.

"வச்சுக்கிறதுக்கு இது என்ன பேரா?"

இந்த இடத்தில் குழந்தையை உள்ளே கொண்டுவந்து, மெத்தையில் கிடத்தி, சுபம் போட்டிருக்கலாம். எழுதியும் பார்த்தேன். கை கூசியது. முள் அடங்காத கூரையின் கீழே ஒரு பச்சைக் குழந்தையைப் படுக்கவைக்க எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? மீட்டரை உங்களிடம் விடுகிறேன். அடங்கட்டும், வகுத்துப் பாருங்கள், தங்கைக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். அவசரமில்லை. அக்காள் போனையும் வைக்கவில்லை, டேப் சுருளையும் வைக்கவில்லை.