வசந்தாமணியின் இடது கை

பொள்ளாச்சியில் எங்கள் தெருவிலிருந்து யார் போஸ்ட் கார்டு அனுப்பினாலும் படத்தில் இருப்பதும் கூடவே போய்விடும். உடனே போகாது. வெளிநாட்டில் முன்பின் தெரியாத ஒருவர் கார்டை வாங்கி, வந்து சேர்ந்தது என்று கம்ப்யூட்டரில் பதிந்த பிறகுதான் போகும். யாருக்கு அனுப்புவது என்பது நம் கையில் இல்லை. குலுக்கலில் ஒரு முகவரி வரும். ஒருமுறை வந்த முகவரி மறுபடி யாருக்கும் வந்ததில்லை.

ஆகவே வேண்டாததைத்தான் படமெடுத்து அனுப்புவோம். இடிந்த பஸ் நிழற்குடை பெரு நாட்டுக்குப் போனது. எந்நேரமும் குரைத்துக்கொண்டிருந்த மூலைவீட்டு நாய் போர்ச்சுகலில் சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி. பதிலுக்கு வரும் கார்டுகளில் இருப்பதற்கும் நாம்தான் இடம் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பனிமேடு கிடக்கிறது. சித்திரையில் கொஞ்சம் கசிகிறது.

படமெடுக்கும் முன் மணியடித்து எல்லோரையும் விலகச் சொல்வது தெரு வழக்கம். எங்கள் வீட்டை ஒட்டி நின்ற விரிசல் விட்ட தண்ணீர்த் தொட்டியை அனுப்புவது என்று தெருச் சங்கத்தில் முடிவானபோது, செயலாளர் சென்னியப்பன் மணியடித்தார். என் மனைவி வசந்தாமணி அப்போது மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மணி அவள் காதில் விழவில்லை. அரைத்து முடித்துவிட்டுத் துணி காயப்போட வெளியே வந்தாள்.

கார்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்த பிறகுதான் சென்னியப்பன் மிச்சமிருந்த பிரதியை உற்றுப் பார்த்திருக்கிறார். திரும்ப ஓடினார். தபால் கட்டு அதற்குள் கிளம்பிவிட்டது. பிரதியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தொட்டியத்தானுங்க எடுத்தேன். அக்கா எப்ப வந்தாங்கன்னே தெரியலீங்க."

படத்தின் ஓரத்தில் வசந்தாமணி நின்றாள். நைட்டி, தோளில் துண்டு, காலில் செருப்பில்லை. இடது கையைக் கொடிக்கு நீட்டியிருந்தாள். மணிக்கட்டோடு படம் முடிந்துவிட்டது.

"எந்த ஊருக்குங்க போகுது?" என்று கேட்டாள்.

"ஃபின்லாந்துங்க அக்கா. ஹெல்மின்னு ஒரு அம்மா."

"அங்க ரொம்பக் குளுருமாட்ட இருக்குது," என்று சொல்லிவிட்டு அவருக்குக் காப்பி கலக்கப் போனாள்.

படத்தில் இருப்பது போலத்தான் போவாள். ஸ்வெட்டர் வாங்கிப் போட்டாலும் பிரயோசனமில்லை. கார்டைப் பதிய வேண்டாம் என்று ஹெல்மிக்குக் கடிதம் எழுதிப் போட்டேன். ஆனால் கார்டு முந்திக்கொண்டுவிட்டதே. 

சில நாளில் வசந்தாமணியின் தோளில் வட்டமாக ஒரு கறுப்புத் தபால் முத்திரை விழுந்தது. கண்ணாடியில் பார்த்து, "சென்னை தாண்டிருச்சுங்க," என்றாள். சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பிறகு ஒரு மத்தியானம் காது அடைக்கிறது என்றாள். கார்டை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

அதிலிருந்து நான் அவள் இடது கையை விடவில்லை.

"ஏனுங்க, அந்தக் கை எப்படியும் உங்ககிட்டத்தான் இருக்கப்போகுது. இந்தக் கையப் புடிங்க," என்று வலது கையைக் கொடுத்தாள். மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.  

மறுவாரம் காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். சமையலறைக்குள் திடீரென்று வெயில் விழுந்தது. ஜன்னலை மறைத்துக்கொண்டிருந்த தொட்டி போய்விட்டது. என் பிடியில் ஒன்றும் இல்லை. மேசைமேல் அவளுடைய இடது கை மட்டும் டம்ளரைப் பிடித்தபடி இருந்தது.

அங்கே அவளுக்கு நடப்பது கைக்கும் வரும். கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கினேன். ஒருநாள் விடிந்து பார்த்தால் அதற்குக் கம்பளி உறை போட்டிருந்தது. நீல நூல், வீட்டில் பின்னியது. அங்கே இல்லாத கைக்கும் சேர்த்துப் பின்னிய ஹெல்மி நல்ல மனுஷி என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

நல்ல மனுஷி என்பதுதான் எனக்குப் பயம். இவளை ஒரு படமெடுத்து ஊருக்கு அனுப்பிவைப்போமே என்று ஹெல்மிக்குத் தோன்றும். வசந்தாமணியும் அனுப்பச் சொல்லிக் கெஞ்சுவாள். குலுக்கலில் எங்கள் முகவரி வராது; வேறெந்த ஊரோ வரும், இவள் அங்கே போய்விடுவாள். படமெடுக்க வேண்டாம் என்று இன்னொரு கடிதம் போட்டேன். அது எங்கே போய்க்கொண்டிருக்கிறதோ தெரியாது. தினமும் எழுந்ததும் கையைத் தொட்டுப் பார்ப்பேன். சில்லென்று இருந்தால் நிம்மதி, இன்னும் ஃபின்லாந்தில்தான் இருக்கிறாள்.

இன்று காலை கை வேர்த்திருந்தது. உறையைக் கழற்றினேன். நகங்களுக்குள் சிவப்பு மணல் இருந்தது. புறங்கையில் வட்டமாக ஒரு முத்திரை, எந்த ஊர் எழுத்து என்று தெரியவில்லை. மணலைத் துடைக்கப் போனபோது கை என் விரலைப் பிடித்துக்கொண்டது, விடவே இல்லை. இன்னொரு கையால் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன்.