தேர் எத்தனை மணிக்கு

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் அந்த வெள்ளைக்காரப் பெண் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. மயிலத்தில் பங்குனி உத்திரத் தேர் எத்தனை மணிக்கு?

பெயர் இனெஸ். போர்ச்சுகல்காரி. இரவு சென்னையில் விமானம். தேர் ஓடுவதைப் பார்க்க அவளுக்கு இன்று காலை மட்டும்தான். போனில் தேடினால் போன வருடத் தேதி வருகிறதாம். விடுதியில் மாலை என்றார்களாம், ஆட்டோக்காரர் மதியம் என்றாராம்.

பத்து மணி என்றேன். மயிலம் என் மாமியார் ஊர். ஆனால் அந்தத் தேரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் பக்கம் யாருக்கும் வராது. கேட்டு வந்தவரை வெறுமனே அனுப்புவது மரியாதை இல்லை.

எனக்குத் திண்டிவனத்தில் வேலை. ஒரே பேருந்தில் ஏறினோம். வழியில் கூட்டேரிப்பட்டில் இறங்கினால் மயிலம் பக்கம்தான். அவளை அங்கே இறக்கிவிட எழுந்தேன். கண்டக்டர் தடுத்தார்.

"இன்னிக்கு இங்க எறங்காதீங்க சார். மயிலம் ரோட்ட மறிச்சிக்கினு இருப்பாங்க. திண்டிவனம் போயிடுங்க, ஸ்பெஷல் பஸ் நிக்கும்."

நம்பினேன். தாண்டும்போது பார்த்தேன். மயிலம் சாலையில் ஒரு தடுப்பும் இல்லை.

திண்டிவனத்தில் ஸ்பெஷல் பஸ்ஸும் இல்லை. மேம்பாலத்துக்கு அடியில் நிற்கும் என்றார் ஒருவர். அங்கே பூ விற்ற அம்மா, இப்போதுதான் போனது, அடுத்தது கடைத்தெரு முனைக்கு வரும் என்றாள். கடைத்தெருவில் டீக்கடைக்காரர் எங்களைத் திரும்பவும் பேருந்து நிலையத்துக்கே அனுப்பினார். எல்லோரும் கை நீட்டித் தெளிவாகச் சொன்னார்கள்.

இவர்களில் யாருக்காவது நிஜமாகத் தெரியுமா என்று இனெஸ் கேட்டாள்.

தெரிந்தவன் ஒருவன் இருந்தான். தென்னரசு, என் மனைவி மலர்விழியின் தம்பி. அவள் இறந்து காரியம் முடிந்த பிறகு அந்த வீட்டிலிருந்து வந்த எந்த அழைப்பையும் நான் எடுக்கவில்லை. விழுப்புரத்திலேயே அவன் நினைவு வந்தது. போன் செய்வதைவிடப் பத்து மணி என்பது சுலபமாக இருந்தது.

இப்போது செய்தேன். உடனே எடுத்தான். பின்னால் கூட்டத்தின் சத்தம்.

"மாமா?" என்றான்.

தேர் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"இப்பதான் இழுத்து நெலைக்கு வந்துச்சு மாமா. நான் தேராண்டதான் நிக்கிறேன். ஒரு அர மணி முன்னாடி வந்திருக்கலாமே. எங்க இருக்கீங்க, திண்டிவனமா? அங்கயே நில்லுங்க. யாரையும் ஒண்ணும் கேக்காதீங்க. வண்டி எடுத்துக்கினு வர்றேன். அம்மா உங்களத்தான் கேட்டுக்கினே இருக்காங்க."

துண்டித்துவிட்டான்.

இனெஸிடம் சொன்னேன். உறுதிதானா என்றாள். அதன் பக்கத்திலேயே நிற்கிறான் என்றேன். அரை மணி என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நிற்கும் தேரையாவது பார்க்கலாம், ஆள் வருகிறான் என்றேன். நிற்கும் தேரைப் படத்தில் பார்த்துவிட்டாளாம். பையை மாட்டிக்கொண்டாள். பேருந்துகளின் முகப்பில் சென்னை என்ற எழுத்தை அவளே தேடினாள். யாரையும் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. ஏறிப் போய்விட்டாள்.

இனி தென்னரசு வர அவசியம் இல்லை. சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். வண்டி ஓட்டும்போது அவன் எடுக்கமாட்டான். பேருந்து நிலைய வாசலிலேயே நின்றேன்.