ரிஷபத்திலிருந்து

விசிறியைக் கீழே போட்டுவிட்டு அம்புஜம் மூன்றாம் முறையாக வாசலுக்கு ஓடினாள். ஆஸ்பத்திரிக்குப் போக மில் காரைக் கேட்டுவரப் போன நாத்தனார் பங்காரம்மாவை இன்னும் காணோம். மத்தியான வெயிலில் பீளமேட்டுச் சாலை காலியாகக் கிடந்தது.

உள்ளே, நெஞ்சுவலியோடு கட்டிலில் சாய்ந்திருந்த அவள் புருஷன் ராமுலு கிதாரை விடவில்லை. சட்டை வேர்வையில் நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

"அதை வெச்சுப்போட்டுப் படுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

"கை சும்மா இருந்தா பயமா இருக்குது, அம்மணி."

சீமைக்குக் கிளம்பிய போத்தனூர் ரயில்வே கார்டு ஒருவரிடம் இரண்டு வருஷம் முன்பு வாங்கிய கிதார். கூடவே வந்த இங்கிலீஷ் புஸ்தகத்தில் ஒரு பக்கம் மட்டும் ராமுலுவுக்குப் பிடிபடவேயில்லை. இப்போதும் அதைத்தான் தடவிக்கொண்டிருந்தார்.

"அதே ஏழு சுரந்தான். ரெண்டாவதுல ஆரம்பிச்சா வேற ஆளாட்டம் பேசுது. வேற பேரும் போட்டிருக்கான். ஏன்னுதான் தெரியலை."

அம்புஜத்துக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் எட்டு வருஷம் பாட்டுக் கற்றவள். "நம்மூட்டுக்குப் பாட்டெல்லாம் வேண்டாம்" என்று முதல் வாரமே சொன்னவர் இவர்தான். அவர் கம்பியைத் தடவித் தடுமாறும்போதெல்லாம் அவள் அடுப்படியில் வாயை இறுக்கிக்கொண்டாள். அதில் ஒரு திருப்தியும் இருந்தது.

இப்போது அவர் உதட்டில் நீலம் ஏறிக்கொண்டிருந்தது.

"அது கரகரப்பிரியா ராகமுங்க" என்றாள் சட்டென்று. "சங்கராபரணத்துல ரெண்டாவது சுரம் ரிஷபத்தையே சட்ஜமா வெச்சுக்கோணும். சுரம் மாறாதுங்க. அங்கிருந்து மத்ததுக்கெல்லாம் தூரம் மாறிப்போகும்."

ராமுலு கம்பியைத் தட்டினார். பதினாறு வருஷத்துக்குப் பிறகு அவள் பாடினாள். பாதியில் குரல் உடைந்தது. நிறுத்தாமல் மேலே போனாள்.

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்தே?"

அவள் விசிறியைத் தேடி எடுத்தாள்.

"சரி... காந்தாரத்துல ஆரம்பிச்சா?"

"தோடிங்க."

"பாடு."

வாசலில் கார் சத்தம் கேட்டது. "வந்துட்டாங்க! வந்துட்டாங்க!" என்று எழுந்து ஓடினாள். பங்காரம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பியபோது ராமுலுவின் தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. மூக்கருகே வைத்த விரலில் காற்றுப் படவில்லை.

பங்காரம்மா தம்பியின் காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"கடைசியா என்ன கேட்டான், கண்ணு?"

"தண்ணி கேட்டாருங்க, அண்ணி."

"குடுத்தியா?"

அம்புஜம் அவர் மடியிலிருந்த கிதாரை எடுத்துச் சுவரோரம் சாய்த்தாள். "குடுத்தனுங்க."

வெளியே மில் டிரைவர் காரைத் திருப்பி நிறுத்தி, பின்சீட்டில் தன் துண்டை விரித்து, கதவைத் திறந்து பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.