தகரப் புனல்

குமாரசாமி ஐயா புழுவுக்குப் படித்தவர். கோயமுத்தூரில் மூன்று வருஷம் படித்ததை அவரே தினம் ஒருமுறை சொல்லிவிடுவார். சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஒரு ஓட்டுக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்து, சர்க்கார் பட்டுப்புழு வளர்த்துப் பார்த்த காலம் அது. ஐயா அதற்கு அதிகாரி. கந்தம்மாளாகிய நான் தட்டு கழுவி இலை நறுக்குகிறவள். அதிகாரம் பண்ணுவதைத் தவிர மிச்சம் அத்தனையும் என் வேலை.

நாட்டுப் புழுவுக்கு உடம்பு வெறும் வெள்ளை. வெளிநாட்டுப் புழுவுக்கு முதுகில் கரும்புள்ளி. இரண்டையும் பூச்சியாக்கிச் சேர்த்தால் பிறப்பதெல்லாம் புள்ளிப் புழு, வெள்ளை ஒன்றுகூட இராது. அந்தப் புள்ளிப் புழுக்களுக்குள்ளேயே சேர்த்தால் நாலில் ஒரு பங்கு வெள்ளை திரும்பி வந்துவிடும்.

"வெள்ளை எங்கயும் போகலை. கறுப்புக்குப் பின்னால ஒளிஞ்சிருந்துச்சு. ரண்டு பக்கமும் ஒளிஞ்சிருந்தாத்தான் வெளிய வரும்" என்று ஐயா எங்களை நிற்கவைத்துப் பாடம் நடத்துவார். அங்கே இலை வாடிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி அவருக்கென்ன?

அந்த வேலையில் ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்பக் கண்டிப்பு. ஜோடிப் பூச்சிகளைக் காகிதத்தில் வைத்துத் தகரப் புனலைக் கவிழ்த்து மூடிவிட வேண்டும். வேறொரு ஆண் பூச்சி உள்ளே புகுந்தால் எல்லாம் பாழ்.

வீட்டிலும் அவருக்கு அதே புத்திதான். வேலையாக வெளியூர் முகாமுக்குப் போகும்போதெல்லாம் மனைவி சாரதாமணியை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிடுவார். சாவி என் மடியில். விடிந்ததும் திறந்து, நாள் முழுக்க அவள் கூடவே இருந்து, பொழுது சாய்ந்ததும் பூட்ட வேண்டும். படித்த மனுஷர் செய்கிற காரியமா இது என்று எனக்கு வயிறெரியும். "பழகிப்போச்சுங்க அக்கா" என்பாள் சாரதாமணி.

ஐயாவும் கறுப்பு, சாரதாமணியும் கறுப்பு. பிறந்த பெண்குழந்தையோ பூனைக்கண்ணோடு வெள்ளைவெளேரென்று இருந்தது. மற்றவர்களாக இருந்தால் ஊருக்கே சர்க்கரை கொடுத்திருப்பார்கள். சிவத்த பெண்தான் வேண்டுமென்று ஒன்பது வீடு ஏறி இறங்கி, எவரும் கொடுக்காமல் போகவே சாரதாமணியைக் கட்டியவர் இவர். கேட்ட நிறம் வீடு தேடி வந்திருக்கிறது. இவரோ ரயில்வேயில் இருந்த வெள்ளைக்காரர்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மாவப் பெத்த அப்பிச்சிக்கு இதே நெறம், இதே கண்ணுங்க. உங்க அத்தை பாப்பாயிக்குந்தான் வெள்ளைத்தோலு, பூனைக்கண்ணு" என்று சாரதாமணி அழுதாள். ஐயா காதில் வாங்கவில்லை. சாவி விஷயத்தைச் சொல்ல நான் வாயெடுத்தேன். "நீ இலை நறுக்கற வேலையைப் பாரு" என்றார்.

குழந்தைக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. தாயையும் பிள்ளையையும் வண்டியேற்றி ஆட்டையாம்பட்டியில் அவள் அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மல்லசமுத்திரத்தில் வேறு பெண் பார்த்து வைகாசியில் நாளும் குறித்துவிட்டார். "பொண்ணு நல்ல செவப்பு" என்று என்னிடமே சொன்னார். துப்பலாம் போலிருந்தது, வேலையை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

சித்திரையில் மெட்ராஸிலிருந்து மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். ஐயா புதுக் கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு தட்டை நீட்டினார். நானூறு புழுவில் தொண்ணூற்றெட்டு வெள்ளை, எண்ணியது நான்.

மேலதிகாரி குனிந்து பார்த்தார். "பெத்தது ரெண்டும் புள்ளி. இந்த வெள்ளையெல்லாம் வேற ஆணுக்குப் பிறந்ததா இருந்தா?"

ஐயா சிரித்தார். "வழியே இல்லீங்க சார். புனல் போட்டு மூடுனது. அதுக்கப்புறமும் தாயைச் சந்தேகப்படறவன் இந்த வேலைக்கே லாயக்கில்லீங்க."

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. வேலை போனால் போகிறது என்று, இன்னும் என் மடியிலேயே கிடந்த சாவியை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது என்னம்மா?" என்றார் மேலதிகாரி.

"ஐயா ஊட்டுச் சாவிங்க, சாமி. இவரு முகாம் போறப்பெல்லாம் சம்சாரத்தை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போவாருங்க. சாவி எம்மடியை விட்டு எறங்குனதில்லை. அந்தப் புள்ளைக்கு வெள்ளையாக் கொழந்தை பொறந்துருச்சுன்னு தொரத்தி உட்டுட்டு, வைகாசில வேற கல்யாணம் பண்ணறாருங்க."

மேலதிகாரி தட்டையும் ஐயாவையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க வீட்டுல யாருக்காவது வெள்ளைத் தோல் உண்டா?"

"அத்தைக்குங்க சார்" என்று ஐயா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மேலதிகாரி பதிவேட்டில் கையெழுத்துப் போடாமலே மூடினார். "முதல்ல இதை நீங்க படிங்க. அப்புறம் நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மல்லசமுத்திரத்துக்கும் செய்தி எட்டியது. எட்டும்படி பார்த்துக்கொண்டவள் நான்தான். அவர்கள் பெண் கொடுப்பதற்கில்லை என்று சொல்லியனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் ஐயாவுக்கு ஆட்டையாம்பட்டிக்கு வழி தெரிந்தது. தனியாகப் போக வெட்கம். பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

சாரதாமணி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தாள். ஐயா குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"நடந்தது நடந்துபோச்சு. நான் உன்னை மன்னிச்சுட்டேன். கெளம்பு" என்றார்.

மன்னித்தாராம்!

சாரதாமணி அழவில்லை. "நல்லதுங்க" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.

ஐயா தட்டினார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். பக்கத்து வீடுகளில் தறிச்சத்தம் நின்று தலைகள் எட்டிப் பார்த்தன. வியர்த்துப்போய் என் பக்கம் திரும்பினார்.

"கந்தம்மா, நீயாவது தொறக்கச் சொல்லேன்."

கூடையைக் கீழே இறக்கி வைத்தேன்.

"இந்தக் கதவுக்குச் சாவி எங்கிட்ட இல்லீங்க" என்றேன்.