கிணற்றுக்கு முந்தின அறை

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து நந்தினி போன் செய்வாள். எடுப்பது குப்பம்மாதான். பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, மகளோடு முக்கால் மணி நேரம் பேசுவாள். ஆஸ்பத்திரி லேபில் நந்தினியோடு வேலை செய்கிற பெண் எந்தக் கம்மல் போட்டிருந்தாள் என்பது வரைக்கும் பேச்சு போகும். கடைசியில், "இரு, நைனாகிட்ட குடுக்கறேன்" என்று போனைத் தேசப்பனிடம் நீட்டுவாள்.

"சாப்டியாம்மா?"

"சாப்டேன் நைனா. நீ?"

"ஆச்சு. சரி, வச்சிடு."

அவ்வளவுதான். போனைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் கேட்க நினைத்ததெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஐம்பத்திரண்டு வயது. பழவேற்காடு ஏரிக்கரைப் பசியாவரத்தில் பிறந்து, காற்றின் வாசனையிலேயே மழை வருமா வராதா என்று சொல்லிவிடுகிற மனிதர். பெற்ற மகளிடம் மூன்றாவது வாக்கியம் என்ன பேசுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் வேலைக்குப் போய் ஐந்து மாதம் இப்படியே ஓடிவிட்டது.

கார்த்திகையில் புயல் சின்னம் என்று சொல்லி ஐந்து நாள் ஒரு படகும் இறங்கவில்லை. வீட்டுக்குள் ஈரம் இறங்கியது. டிவிக்குக் கீழே நந்தினியின் வீடியோ கேம் பெட்டி துணி போர்த்திக் கிடந்தது. காலேஜில் படிக்கும்போது பழையதாக வாங்கி வந்தது. தங்கியிருக்கிற விடுதியில் டிவி இல்லை என்று விட்டுவிட்டுப் போயிருந்தாள். ஈரத்தில் கெட்டுவிட்டதோ என்று பார்க்கத்தான் தேசப்பன் ஸ்விட்சைப் போட்டார்.

உள்ளே இருந்த தட்டு சுழன்றது. மலை மேல் ஒரு பாழடைந்த பங்களா. கையில் டார்ச்சோடு ஒரு பெண் வாசலில் நின்றாள். நந்தினி வயதுதான் இருக்கும். ஜாய்ஸ்டிக்கை அழுத்தினால் நடந்தாள். கூடத்தின் கோடியில் ஒருத்தன் முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றிருந்தான்.

பழவேற்காடு ஏரி பல இடத்தில் இடுப்பளவு ஆழம்தான். மூட்டமான காலை நேரத்தில் தண்ணீருக்கு நடுவே ஒருவன் அசையாமல் நின்றால் அவன் கால் சேற்றில் மாட்டியிருக்கலாம், உடம்புக்கு முடியாமல் இருக்கலாம். கிட்டே போய்க் குரல் கொடுக்காமல் தாண்டிப் போகிறவனை அங்கே யாரும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். தேசப்பனும் அந்தப் பெண்ணை நேராக அவனிடம் அழைத்துப் போனார். "யார்யா அது, இன்னா ஆச்சு?" என்று வாய்விட்டே கேட்டார். அவன் திரும்பி, அவள் கழுத்தைக் கடித்தான்.

பின்பக்கமாகப் போனதில் பயந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து அடுத்த தடவை சுற்றிக்கொண்டு முன்பக்கமாகப் போனார். அப்போதும் கடித்தான். மூன்றாவது கடிக்குப் பிறகு மணி பார்த்தார். இரண்டு. நந்தினிக்குச் சாப்பாட்டு நேரம். யோசிக்காமல் போனைப் போட்டுவிட்டார்.

"நைனா? அம்மாவுக்கு இன்னா ஆச்சு?" நந்தினி பதறினாள். நைனாவே போன் போட்டிருக்கிறார் என்றால் அவள் வேறு என்ன நினைப்பாள்.

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. தூங்குது."

"அப்பறம் யாருக்கு? கோபால் மாமாவுக்கா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. இங்க பங்களாவுல ஒருத்தன் நின்னுகினு இருந்தான். இன்னானு கேக்கப் போனேன். கடிச்சிட்டான்."

 அவள் சிரித்தாள். குப்பம்மாவோடு பேசும்போது சிரிக்கிற சிரிப்பு.

"நைனா, அவன் ஜாம்பி. செத்தவன். அங்க யாரையும் விசாரிக்கக் கூடாது."

"செத்தவன் எப்பிடி நின்னுகினு இருப்பான்?"

"அதான் ஜாம்பின்றது."

அன்று பேச்சு பதினாறு நிமிஷம் ஓடியது. வைத்த பிறகு போன் திரையில் அந்தப் பதினாறு நிமிஷத்தைத் தேசப்பன் இரண்டு தடவை பார்த்தார்.

அதற்குப் பிறகு புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மதியம் இரண்டு மணி அவர்களுடையதாயிற்று. விடியற்காலை ஏரிக்குப் போய்வந்து, சாப்பிட்டு, கதவைச் சாத்தி டிவியில் வெளிச்சம் படாமல் மறைத்துவிட்டு உட்காருவார். எங்கே மாட்டினாரோ அதைக் கேட்பார். நந்தினி சொல்லித் தருவாள்.

"இருந்த ஆறு குண்டையும் சுட்டுட்டேன்மா. இன்னும் ரெண்டு பேர் வரானுங்க."

"எல்லாரையும் ஏன் சுட்ட? அத்தன பேரையும் கொல்றதுக்கு அந்த கேம்ல குண்டே கெடையாது. வழிய மறிக்காதவன உட்டுட்டு ஓரமா ஓடிடணும்."

"உட்டா பின்னாடியே வருவானே."

"ரூமத் தாண்ட மாட்டான் நைனா. அது அவன் பாடு. அவன் பாட்டுல நீ ஏன் வல வுடற?"

அது சட்டென்று புரிந்தது. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்பதை ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. அதற்குப் பெயர் பாடு. அடுத்தவன் பாடு நடக்கிற இடத்தில் எவ்வளவு மீன் துள்ளினாலும் பார்த்துக்கொண்டே போய்விட வேண்டியதுதான். அன்றிலிருந்து ஜாம்பிகளை ஓரம் ஒதுங்கித் தாண்டுவது அவருக்குச் சுலபமாகிவிட்டது. குண்டு சேர்ந்தது.

பை விஷயம்தான் லேசில் படியவில்லை. அந்தப் பெண்ணின் பையில் ஆறே பொருள்தான் அடங்கும். தேசப்பனுக்கோ கையில் வந்ததை விட்டுவிட்டு வருகிற பழக்கம் இல்லை. எல்லாவற்றையும் வாரிப் போட்டுக்கொண்டு போய், சாவி கிடைத்த இடத்தில் அதை எடுக்க இடம் இல்லாமல் முழித்தார். "ரெண்டு எடம் காலியா வச்சிகினே போ நைனா" என்று நந்தினி நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது. திசையும் குழப்பியது. ஏரியில் கலங்கரை விளக்கத்தையும் ஒரு பனையையும் ஒரே கோட்டில் வைத்து இடம் கண்டுபிடிக்கிறவர் அவர். பங்களாவில் ஒவ்வொரு அறையையும் டிவி வேறு வேறு பக்கத்திலிருந்து காட்டியது. "தெச பாக்காத. எந்தக் கதவு பூட்டிகினு கீது, அத்த மட்டும் எழுதி வை" என்றாள். காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்தார்.

ஆட்டத்தைச் சேமிக்க, சில அறைகளில் இருக்கிற சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க வேண்டும். ஒரு நாள் நந்தினி கேட்டாள். "தெனம் ஆட்டத்த முடிக்கறப்போ அதே ரூமுக்கு திரும்பி வர்றியே, ஏன்? கிட்ட கீற வேற கடியாரத்துக்கும் சாவி குடுக்கலாம்ல?"

"அந்த ரூம்லதான் மஞ்ச லைட்டு எரியுது. இருட்டுல ஒரு வயசுப் பொண்ண நிக்க வச்சிட்டு டிவிய அணைக்க மனசு வரல."

 "சரி நைனா" என்றாள்.

ஆட்டத்துக்கு நடுவே மற்றதும் வந்தது. அவள் இருமினால், "இன்னா இருமல்?" என்று கேட்க முடிந்தது. லேபில் ஏசி நேராக முதுகில் அடிக்கிறது என்று சொன்னாள். இது குப்பம்மாவுக்குக்கூடத் தெரியாது என்று அறிந்தபோது தேசப்பனுக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம்.

மார்கழி கடைசியில்தான் அது நடந்தது. ரிமோட்டுக்கு பேட்டரி தேடி நந்தினியின் அலமாரியைத் திறந்தார். புத்தகங்களுக்கு அடியில் ஒரு நோட்டு. அட்டையில் அவளுடைய குண்டுக் கையெழுத்து: "புதுசா ஆடுறவங்களுக்கு." காலேஜில் சத்யா என்ற தோழிக்காக எழுதியது. மொத்தம் முப்பத்தொரு குறிப்பு. முதல் குறிப்பு, பயமாக இருந்தால் சத்தத்தைக் குறைத்துக்கொள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை என்றது. பச்சை இலையைச் சிவப்போடு சேர்த்தால் காயம் முழுசாக ஆறும், பச்சையைத் தனியாகத் தின்று வீணாக்காதே என்றது இன்னொன்று. கதவைத் திறக்கும் முன் நின்று காது கொடு என்றும் இருந்தது. பின்பக்கங்களில் ஒவ்வொரு மாடிக்கும் படம் போட்டு, கடைசியில் பங்களாவுக்குப் பின்னால் இருக்கிற கிணற்றுக்குள் இறங்கி வெளியே போகிற வழி வரைக்கும் அம்புக்குறி.

தேசப்பன் நின்ற இடத்திலேயே முழுதும் படித்தார். இனி நந்தினியிடம் கேட்க எதுவுமே இல்லை. நோட்டை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்து, மேலே புத்தகங்களை அடுக்கினார்.

மறு புதன்கிழமை போன் போட்டு, "அந்தப் பியானோ கீதே, அத்த இன்னாம்மா பண்றது?" என்று கேட்டார்.

அப்படியே ரெண்டு மாதம். வேண்டுமென்றே வழி தப்பினார். கரண்ட் போய்விட்டது என்று பொய் சொல்லி ஒரு மாடியைத் திரும்ப ஏறினார். கூடப் படகில் வருகிற கோபால் கிண்டல் செய்தான். "இன்னா தேசப்பா, வலைய கையில வச்சிகினு எங்கயோ பாக்கற? ஜாம்பி புடிச்சிகிச்சா?" தேசப்பன் அப்போது மனதுக்குள், அடுத்து எதைத் தெரியாத மாதிரி கேட்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நந்தினி உற்சாகமாக இருந்தாள். "சமயக்கட்டுக்கு வந்துட்ட. இன்னும் ரெண்டே ரூம் நைனா. அடுத்த வாரம் முடிச்சிடலாம்."

 முடிக்கிற பேச்சைக் கேட்ட கலவரத்தில் அவருக்கு வாய் தவறிவிட்டது.

"அவசரம் இல்லம்மா. கெணத்துக்குள்ள எறங்கறதுக்கு முன்னாடி கடியாரத்துக்கு சாவி வேற தேடணும்."

"கெணறா?"

தேசப்பன் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தார்.

"கெணறு இன்னும் கேம்லயே வரலியே. உனக்கு யார் சொன்னா?"

பொய் ஒன்றும் கைக்கு வரவில்லை. "உன் நோட்டு" என்றார்.

"எப்போ எடுத்த?"

"பொங்கலுக்கு முன்னாடி."

"பொங்கலுக்கு முன்னாடியா? அப்பறம் ஏன் எங்கிட்ட கேட்டுகினே இருந்த?"

கதவு இடுக்கு வழியாக ஏரி தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தெனம் ஏழு மணி உங்கம்மா பாடு. அதுல நான் பூந்து இன்னா பேசறது, எனக்கு வரல. எனக்குன்னு ஒரு பாடு வேணாமா? இத்த முடிச்சிட்டா நீ எதுக்கு எங்கிட்ட பேசுவ?"

 "பெல் அடிக்குது நைனா. வச்சிடறேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

அன்று ஏழு மணிக்கு போன் வந்தது. ஐந்து நிமிஷத்தில் குப்பம்மா அதைக் கீழே வைத்தாள். "வேல கீதாம். இன்னாய்யா, அதுங்கிட்ட எதனா சொன்னியா? கொரலே சரியில்ல."

"ஒண்ணும் சொல்லல."

புதன்கிழமை இரண்டு மணிக்கு அவர் போனைக் கையில் எடுத்தார். என்ன சொல்லி ஆரம்பிப்பது? பெற்ற பெண்ணையே ஏமாற்றிவிட்டோமே, இனி எந்த முகத்தோடு கேள்வி கேட்பது? போனை ஜன்னலில் வைத்துவிட்டு வலையைப் பிரித்துச் சிக்கெடுக்க ஆரம்பித்தார். மூன்று மணிக்குப் பார்த்தபோது எடுத்த சிக்கைவிடப் போட்ட சிக்கு அதிகமாக இருந்தது.

சனிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். யாரையும் கேட்கவில்லை, நோட்டையும் எடுக்கவில்லை. கடைசிக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். இத்தனை நாள் சேர்த்து வைத்த குண்டெல்லாம் கிணற்றடியில் தீர்ந்தது. அந்தப் பெண் நொண்டிக்கொண்டே இறங்கி, சுரங்கம் வழியாக மலையடிவாரத்தில் வெளியே வந்தாள். விடிந்திருந்தது. அவள் டார்ச்சை அணைத்துவிட்டு ரோட்டில் நடந்து போனாள். திரையில் என்னென்னவோ பெயர்கள் ஓடின. தேசப்பன் அது முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு போன் போட்டார்.  முதல் மணியிலேயே எடுத்தாள்.

"நைனா."

"முடிச்சிட்டேன்மா."

"தெரியும். முடிச்சிருப்பன்னு நெனச்சேன்."

"கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். "சும்மாதான் போட்டேன். வேல கீதுன்னா வச்சிடறேன்."

"வச்சிடாத" என்றாள். "அன்னிக்கி பெல் எல்லாம் அடிக்கல. அழுக வந்திடுச்சி, படியில போறவங்க எல்லாரும் பாத்தாங்க. அதான் வச்சிட்டேன். புதன்கெழம ரெண்டு மணிக்கு போன கையில வச்சிகினே உக்காந்திருந்தேன். நீ போடவே இல்ல."

"கோவமா இருப்பன்னு நெனச்சேன்."

"கோவந்தான். நோட்டப் பாத்துட்டேன்னு சொல்லியிருந்தாலும் நான் பேசியிருப்பேன்ல" என்றாள். "இங்க சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் கும்பல் கும்பலா போய் உக்காருவாங்க நைனா. நான் மாடிப்படியில தனியாத்தான் சாப்டுவேன். அம்மாகிட்ட சொல்லல, சொன்னா கெளம்பி வந்திடும். புதனும் ஞாயிறும் மட்டும் அந்தப் படியில தனியா இல்லாத மாதிரி இருக்கும்."

தேசப்பன் சுவரில் சாய்ந்துகொண்டார். தனியாகச் சாப்பிடுகிற பிள்ளைக்கு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் தெரிந்ததைக் கேட்டார்.

"எந்தப் பக்கத்துப் படி?"

"பின்பக்கம். மூணாவது மாடிக்குப் போறது."

"காத்து வருமா?"

"ஒரு ஜன்னல் கீது. அதுல மல தெரியும்."

"எந்தத் தெசையில?"

அவள் எழுந்து போகிற சத்தம் கேட்டது. "மேக்கால."

"அப்போ சாயங்காலம் வெயில் அங்கதான் அடிக்கும். மதியானம் நெழலா இருக்கும், நல்ல எடந்தான். இன்னிக்கி டப்பாவுல இன்னா?"

"லெமன் சாதம். வெறும் லெமன் சாதம். நீ?"

"மடவ மீன் கொழம்பு. உங்கம்மா காரத்த அள்ளிப் போட்டுடுச்சி. கோபால் வந்து தின்னுட்டு, மூக்க ஒழுக வுட்டுகினு போனான்."

அவள் சிரித்தாள். பிறகு, அன்று காலையில் லேபில் ரத்தம் கொடுக்க வந்த ஒரு பெரியவர் ஊசியைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றதைச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். டப்பாவில் ஸ்பூன் இடிக்கிற சத்தம் கேட்டது.

தேசப்பன் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்பறம்?" என்றார்.